தச்சரின் நுரையீரலில் கல்நார்: ஸ்கேனில் ‘பிளேக்’ என்று வந்தால்?

கேட்டவர் 54 வயதுத் தச்சர். 19 வயதில் வேலைக்கு வந்தவர். முதல் பன்னிரண்டு வருடம் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் வேலை: கூரையடிப் பலகைகளைக் கழற்றுவது, தடுப்புப் பலகைகளை மின்வாளால் அறுப்பது, பிளம்பர்கள் குழாய் உறையை உரிக்கும் அதே அறையில் கதவுச் சட்டம் பொருத்துவது. போன வருடத்திலிருந்து இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரே ‘நார்மல்’. ஆனால் வேறு ஒரு காரணத்துக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் ‘இருபுறமும் சுண்ணாம்பு படிந்த புளூரல் பிளேக்குகள்’ என்று வந்திருக்கிறது. தினம் பத்து சிகரெட் பிடிக்கிறார். கேட்பது இவைதான்: இது புற்றுநோயா, அல்லது ஆகப்போகிறதா? உள்ளே போன கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸை, வெளியே எடுக்க முடியுமா? தொழிலை விட வேண்டுமா? இத்தனை வருடம் வேலை உடுப்பைத் துவைத்த மனைவிக்கு ஏதாவது ஆகுமா?

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: பிளேக் புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இதை மனதில் போட்டுக்கொண்டு மீதியை நிதானமாகப் படியுங்கள்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு அடுக்கில் மெல்லிய உறை இருக்கிறது. அதற்குப் பெயர்தான் புளூரா. நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தோடு ஒட்டியிருக்கும் வெளி அடுக்கில் அங்கங்கே தழும்பு தடித்து, வருடங்கள் போகப் போகச் சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்படுவதைப் பிளேக் என்கிறோம். அதாவது அது நுரையீரலுக்குள் இல்லை, அதன் வெளியே இருக்கிறது. பிளேக் மட்டும் இருந்தால் வலி இருக்காது. மூச்சும் பெரிதாகக் குறையாது. ஆகவே உங்கள் மூச்சிரைப்புக்கு ‘ஸ்கேனில் பிளேக் இருக்கிறதே, அதுதான்’ என்று யாராவது கணக்கை முடித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேறு காரணம் தேட வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஸ்கேனில் இருக்கிறது என்றால் யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எக்ஸ்ரே என்பது நெஞ்சு முழுவதையும் ஒரே நிழலாகத் தட்டையாக்கிக் காட்டுவது. மெல்லிய பிளேக் விலா எலும்பின் நிழலிலோ இதயத்தின் நிழலிலோ மறைந்துவிடும். சி.டி. துண்டு துண்டாகப் பார்ப்பதால் அகப்படுகிறது.

புற்றுநோய் இல்லை என்பதால் பிளேக்கை மறந்துவிடலாம் என்றும் சொல்ல மாட்டேன். அது உங்கள் உடம்பு வைத்திருக்கும் வருகைப் பதிவேடு. ‘இந்த ஆள் கல்நார் இருந்த காற்றில் வேலை செய்திருக்கிறார், அது 20 வருடத்துக்கு முன்னால்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது. பிளேக் தெரியவர அநேகமாக அவ்வளவு காலம் பிடிக்கும். பிளேக் வேறொன்றாக மாறாது, சரி. ஆனால் அதை உண்டாக்கிய நார் மற்ற நோய்களையும் உண்டாக்கக்கூடியது. கவனம் வேண்டியது அங்கேதான்.

நார் என்ன செய்கிறது? கல்நார் என்பது ஒரே பொருள் அல்ல. ஆறு வகைக் கனிமங்களுக்குச் சேர்த்து வைத்த பெயர். கட்டட வேலையில் அதிகம் புழங்கியவை மூன்று: வெள்ளை எனப்படும் கிரைசோடைல், பழுப்பு எனப்படும் அமோசைட், நீலம் எனப்படும் குரோசிடோலைட். இவற்றை உடைத்தால் மணலைப் போலத் துகளாவதில்லை. நீளவாக்கில் பிளந்து பிளந்து மேலும் மெல்லிய இழைகளாகின்றன. மனித முடி சுமார் 70 மைக்ரான் பருமன் என்றால், நுரையீரலின் அடிவரை போகும் நாரின் பருமன் 3 மைக்ரானுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரிகிற தூசி சீக்கிரம் தரையில் விழுந்துவிடும். தெரியாதது மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அறை ‘தெளிந்துவிட்டது’ என்று முகமூடியைக் கழற்றுகிற நேரத்தில்தான் நாம் அதை இழுத்துக்கொள்கிறோம்.

நுரையீரலின் கடைசிக் காற்றறைகளில் துப்புரவுக்கென்றே செல்கள் உண்டு. மேக்ரோஃபேஜ் என்று பெயர். வந்து விழும் தூசியை விழுங்கிக் கரைப்பது இவற்றின் வேலை. நார் இந்தச் செல்லைவிட நீளமாக இருந்தால்? பாதி விழுங்கி மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, செல் தன்னிடமுள்ள அரிக்கும் ரசாயனங்களைக் கொட்டிவிட்டுச் சாகிறது. இன்னொரு செல் வருகிறது, அதற்கும் அதே கதி. இந்தச் சண்டை வருடக்கணக்கில் ஓயாமல் நடக்கிறது. சண்டை நடந்த இடத்தில் ஒன்று தழும்பு கட்டும், அல்லது செல்லின் மரபணுவில் சேதம் சேர்ந்துகொண்டே போகும். வெள்ளைக் கல்நார் சுருள் வடிவம், ஓரளவு சீக்கிரம் உடைந்து வெளியேறும். நீலமும் பழுப்பும் ஊசி மாதிரி நேராக இருக்கும், பல பத்தாண்டுகள் உள்ளேயே தங்கும். அதற்காக ‘வெள்ளை பரவாயில்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாகச் சொல்லும் முடிவு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. ஆழத்தில் போய்ச் சிக்கிய நாரை எடுக்க மருந்து கிடையாது, கஷாயம் கிடையாது, ஆவி பிடிப்பதால் ஆகாது, நுரையீரலைக் கழுவி விடுவதாலும் ஆகாது. ‘நுரையீரல் சுத்திகரிப்பு’ என்று விற்கிற எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது: ‘நான் கல்நார் ஆலையில் வேலை செய்தவன் இல்லையே, வெறும் தச்சன்தானே.’ இந்த ‘தானே’ பல பேரை ஏமாற்றியிருக்கிறது.

கல்நார் நோயின் பழைய கதை ஆலையில்தான் தொடங்குகிறது, உண்மை. இங்கிலாந்தில் ராச்டேல் ஊரின் கல்நார் நெசவாலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா 1924-ல் இறந்தார். அவருடைய நுரையீரலைப் பரிசோதித்த மருத்துவர் டபிள்யூ. ஈ. குக் அதை மருத்துவ இதழில் எழுதினார். கல்நாரால் நுரையீரலில் தழும்பு பரவும் இந்த நோய்க்கு ‘ஆஸ்பெஸ்டோசிஸ்’ என்ற பெயரையும் 1927-ல் அவரே வைத்தார். 1931-ல் பிரிட்டனில் ஆலைகளுக்கு விதிகள் வந்தன. விதிகள் ஆலை வாசலோடு நின்றுவிட்டன. அங்கே நெய்த துணியும் வார்த்த பலகையும் லாரி ஏறிக் கட்டடத்துக்குப் போனபோது அவற்றோடு எந்த எச்சரிக்கையும் போகவில்லை.

அமெரிக்காவில் இர்விங் செலிகாஃப் என்ற மருத்துவர் 1960-களில் வேறு விதமாகப் பார்த்தார். அவர் பார்த்தது ஆலைத் தொழிலாளிகளை அல்ல. நியூயார்க், நியூஜெர்சி கட்டடங்களில் குழாய்க்கும் கொதிகலனுக்கும் வெப்பக்காப்பு உறை போடும் சங்கத்து ஆட்களை. திறந்த இடம், விட்டு விட்டு வேலை, இவர்களுக்கு அவ்வளவு பாதிப்பு இருக்காது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். 1965-ல் வெளியான அவருடைய ஆய்வில் 1,117 பேரின் எக்ஸ்ரே பார்க்கப்பட்டது. 20 வருடத்துக்கு மேல் தொழிலில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோரின் நெஞ்சில் மாற்றம் இருந்தது. முதல் பத்து வருடத்தில் இருந்தவர்களின் படங்களோ பெரும்பாலும் சுத்தம். இந்த நோயின் குணமே அதுதான். வேலை செய்கிற காலத்தில் ஒன்றும் காட்டாது.

அப்புறம் உங்கள் தொழிலுக்கே வருகிறேன். மீசோதீலியோமா என்பது நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்; கல்நார் இல்லாமல் அது வருவது அபூர்வம். பிரிட்டனில் அந்த நோய் வந்தவர்களின் வேலை வரலாற்றை விசாரித்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. 1940-களில் பிறந்து, 30 வயதுக்கு முன்னால் பத்து வருடத்துக்கு மேல் தச்சு வேலை செய்த ஆண்களுக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு 17 பேருக்கு ஒருவர் என்று அதில் கணக்கிட்டார்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர் என்றால் 50-க்கு ஒருவர். மற்றக் கட்டடத் தொழிலாளிகளுக்கு 125-க்கு ஒருவர்.

தச்சருக்கு ஏன் இவ்வளவு? அங்கே தீத்தடுப்புக்காகச் சுவரிலும் கூரையடியிலும் கதவிலும் வைத்த காப்புப் பலகையில் பழுப்புக் கல்நார் ஏராளமாக இருந்தது. பார்க்க ஏதோ மென்மரப் பலகை போல இருக்கும். மரத்தைப் போலவே அறுபடும். தச்சர் அதை மின்வாளில் கொடுத்து, மேலே விழுந்த பொடியைக் கையால் தட்டிவிட்டு அடுத்ததை எடுப்பார். ஒரு நாளைக்கு எத்தனை வெட்டு என்று உங்களுக்கே தெரியும்.

17-க்கு ஒன்று என்ற அந்தக் கணக்கை அப்படியே உங்கள் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். அது ஒரு நாட்டில், ஒரு தலைமுறையில், பழுப்புக் கல்நார் மிக அதிகமாகப் புழங்கிய காலத்துக் கணக்கு. நீங்கள் அறுத்தது என்ன பலகை என்பதைப் பொறுத்து உங்கள் கணக்கு வேறு. கல்நார் சிமென்ட் தகட்டில் நார் பொதுவாகப் பத்துப் பதினைந்து சதவீதம்தான், அதுவும் சிமென்ட்டில் இறுகிக் கிடக்கும். சும்மா கூரையில் கிடக்கிற நல்ல தகடு பெரிய ஆபத்து இல்லை. அதையே கிரைண்டரில் கொடுத்து வெட்டினால் கதை மாறிவிடும். காப்புப் பலகையில் நாரும் அதிகம், பிடிப்பும் தளர்வு. குழாய் மேல் பூசிய உறை, இரும்புச் சட்டங்களின் மேல் தெளித்த பூச்சு, இவைதான் மிக மோசம், தொட்டாலே உதிரும். பழைய தரை ஓடுகளின் அடியில் பூசிய கறுப்புப் பசை, மேடு பள்ளமாகப் பூசும் அலங்காரப் பூச்சு, கொதிகலன் மூடியின் கயிறு, கேஸ்கெட் என்று யாரும் நினைக்காத இடங்களிலும் இருந்தது.

நார் யார் கையிலிருந்து பறந்தது என்று நுரையீரல் பார்ப்பதில்லை. நான் பார்த்த ஓர் எலக்ட்ரீஷியன், ‘நான் ஒயர் இழுத்ததோடு சரி’ என்று அழுத்தமாகச் சொன்னார். எங்கே இழுத்தீர்கள் என்று கேட்டேன். கொதிகலன் அறையில். அப்போது அங்கே வேறு யார் இருந்தார்கள்? பழைய உறையை உரித்துக்கொண்டிருந்த நான்கு பேர். எத்தனை நாள்? ஒவ்வொரு வருடமும் மூன்று வாரம், பதினோரு வருடம். அவருக்கு இருந்தது ஆஸ்பெஸ்டோசிஸ். அதற்கு முந்தைய ஆறு வருடம் அவரைப் பார்த்தவர்கள் அவர் தொழிலைக் கேட்டிருக்கிறார்கள். அவர் ‘எலக்ட்ரீஷியன்’ என்றிருக்கிறார். பேச்சு அதோடு முடிந்திருக்கிறது. நீங்கள் எழுதியதிலேயே பிளம்பர்கள் உறை உரித்த அறை வருகிறது. அதுவும் உங்கள் கணக்கில் சேரும்.

இனி நோய்களைத் தனித்தனியாகச் சொல்கிறேன். பயமுறுத்த அல்ல, எதற்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிவதற்காக.

ஆஸ்பெஸ்டோசிஸ் என்றால் நுரையீரலுக்குள்ளேயே, பெரும்பாலும் அடிப்பகுதியில், தழும்பு பரவுவது. பஞ்சு மெல்ல மெல்லத் தோலாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கணிசமான அளவு நாரைப் பல வருடம் இழுத்தவர்களுக்கு வருவது. தொட்டதும் வரும் நோய் அல்ல. ஏறும்போது மூச்சிரைப்பு, வறட்டு இருமல், சிலருக்கு விரல் நுனி பருத்து நகம் கவிழ்வது. முதுகின் அடியில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னால், இழுப்பின் கடைசியில் பையின் ஒட்டுப் பட்டையை மெல்லப் பிரிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். இந்த ஒரு சத்தத்துக்காகவாவது மருத்துவர் சட்டையைத் தூக்கி முதுகின் அடிவரை கேட்க வேண்டும். சட்டைக்கு மேலே இரண்டு இடத்தில் வைத்து எடுத்துவிட்டால் அது கேட்காது.

இதற்கு வேண்டிய சோதனை ஸ்பைரோமெட்ரி மட்டுமல்ல. ஸ்பைரோமெட்ரி எவ்வளவு காற்று, எவ்வளவு வேகம் என்று சொல்லும். கூடவே டி.எல்.சி.ஓ. என்ற சோதனையையும் கேளுங்கள். காற்றறையிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதை அது அளக்கும். தழும்பின் ஆரம்பக் கட்டத்தில் ஊதும் அளவு சரியாக இருந்து இந்த எண் மட்டும் குறைந்திருப்பதுண்டு. ஸ்கேனும் சாதாரண சி.டி.யாக இல்லாமல் மெல்லிய துண்டுகளாக எடுக்கும் உயர்நுணுக்க சி.டி.யாக இருந்தால் நல்லது. குப்புறப் படுக்க வைத்தும் எடுப்பார்கள். மல்லாந்து படுத்தால் ரத்தமும் எடையும் கீழே இறங்கி முதுகுப்புற நுரையீரல் லேசாக மங்கித் தெரியும், அதைத் தழும்பு என்று தவறாக எண்ணக்கூடும் என்பதுதான் காரணம்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது ஆஸ்பெஸ்டோசிஸை அல்ல, சிகரெட்டை. 35 வருடத் தூசியும் தினம் பத்து சிகரெட்டும் சேர்ந்தால் மூச்சுக்குழாய் சுருங்கும் சி.ஓ.பி.டி. வருவது மிகச் சாதாரணம், அதற்கு இன்ஹேலர் வேலை செய்யும். மரத்தூசி, கான்கிரீட் அறுக்கும்போது வரும் சிலிக்கா தூசி, இவற்றின் பங்கும் இருக்கும். 54 வயதில் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் இதயத்தையும் பார்க்க வேண்டும், ரத்தசோகையையும் பார்க்க வேண்டும். ‘கல்நார்’ என்ற சொல்லைக் கேட்டதும் மருத்துவரும் நோயாளியும் அதையே பிடித்துக்கொண்டு இதயத்தைக் கோட்டைவிட்டதையும் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பெஸ்டோசிஸ் என்று உறுதியானால் தழும்பைத் திருப்ப முடியாது. ஆனால் பலருக்கு அது மிக மெதுவாகத்தான் நகரும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும். வேகமாக முன்னேறும் தழும்புக்கு அதைத் தாமதப்படுத்தும் நின்டெடானிப் போன்ற மருந்துகள் இப்போது உண்டு. இன்ஃபுளுவென்சா, நிமோனியா தடுப்பூசிகளைக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும்; இருப்பு குறைந்த நுரையீரலுக்கு ஒரு நிமோனியாவே பெரிய அடி. மூச்சுப் பயிற்சியோடு கூடிய உடற்பயிற்சித் திட்டத்தைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள், ஆனால் நடக்கிற தூரத்தை அது உண்மையிலேயே கூட்டும்.

நுரையீரல் புற்றுநோய்க்கு வருவோம். இந்தப் பதிலில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வட அமெரிக்க வெப்பக்காப்புத் தொழிலாளிகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2013-ல் வந்தன. புகையும் இல்லை, கல்நாரும் இல்லை என்பவரோடு ஒப்பிட்டால், கல்நார் மட்டும் இருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 3.6 மடங்கு. சிகரெட் மட்டும் என்றால் சுமார் 10 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் சுமார் 14 மடங்கு. அதன் மேல் ஆஸ்பெஸ்டோசிஸும் இருந்தால் கிட்டத்தட்ட 37 மடங்கு. புகைக்காதவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு முதலிலேயே மிகச் சிறியது, சிறியதை நான்கால் பெருக்கினாலும் ஓரளவுக்கு மேல் போகாது. புகைப்பவரிடம் பெருக்குவதற்கே பெரிய தொகை ஒன்று இருக்கிறது.

அதே ஆய்வில் நல்ல செய்தியும் இருக்கிறது. சிகரெட்டை விட்ட கல்நார்த் தொழிலாளிகளுக்கு அந்த வாய்ப்பு விட்ட பத்து வருடத்துக்குள் பாதியாகக் குறைந்தது. 30 வருடம் கழிந்தபோது என்றுமே புகைக்காத சக தொழிலாளிகளின் அளவுக்கு வந்துவிட்டது. உள்ளே இருக்கும் நாரை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. நம் கையில் இருக்கும் ஒரே கைப்பிடி சிகரெட்தான். நிக்கோட்டின் ஒட்டு, சூயிங்கம், மாத்திரை என்று உதவிகள் உண்டு. மன உறுதியை மட்டும் நம்பி மூன்று முறை தோற்றவர் நான்காவது முறை அவற்றோடு முயல வேண்டும். பத்தை ஐந்தாகக் குறைப்பதில் பெரிய பலன் இல்லை. முழுதாக விட வேண்டும்.

மீசோதீலியோமாவுக்கும் சிகரெட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அது கிட்டத்தட்ட முழுக்க நாரின் வேலை. முதல் தொடர்பிலிருந்து பெரும்பாலும் 30, 40 வருடம் கழித்து வரும். தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்பவரும் உடன் இருந்தவர்களும் 1960-ல் எழுதிய 33 நோயாளிகளில் பலர் சுரங்கத் தொழிலாளிகள்கூட இல்லை, நீலக் கல்நார் சுரங்கப் பகுதியில் சிறுவயதில் வாழ்ந்தவர்கள். தொடங்கிய வயது ஏன் முக்கியம் என்பது இதிலிருந்து புரியும். நார் நுழைந்த நாளிலிருந்து காலம் போகப் போக ஆபத்து ஏறிக்கொண்டே போகும். எனவே 19 வயதில் ஐந்து வருடம் இழுத்ததும் 50 வயதில் ஐந்து வருடம் இழுத்ததும் ஒன்றல்ல. தொழில் கற்றுக்கொள்ள வரும் பையன்களைத் தூசி வேலையில் விடுவது பழைய வழக்கம். இருப்பதிலேயே தவறான ஏற்பாடு அதுதான்.

இதன் அடையாளம் ஒரு பக்க நெஞ்சில் விடாத மந்தமான வலி, காரணமில்லாமல் எடை குறைவது, பெரும்பாலும் ஒரு பக்கம் நுரையீரல் உறைக்குள் நீர் கோத்து மூச்சு முட்டுவது. கல்நார் வரலாறு உள்ளவருக்கு நீர் கோத்தால் வெறுமனே உறிஞ்சி எடுத்துவிட்டு அனுப்பக்கூடாது. அந்த நீரில் புற்றுநோய்ச் செல் தெரியவில்லை என்பதை வைத்து இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பெரும்பாலும் உறையிலிருந்தே திசு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். புற்றுநோய் இல்லாமல் கல்நாரால் மட்டும் நீர் கோப்பதும் உண்டு, ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். உண்மையைச் சொன்னால் இந்தப் புற்றுநோய்க்கு இன்னும் குணப்படுத்தும் வைத்தியம் இல்லை. கீமோதெரபியும், 2020 முதல் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இரு மருந்துகளின் கூட்டும் வாழ்நாளைச் சில மாதங்கள், சிலருக்கு அதைவிடக் கூடுதலாக, நீட்டுகின்றன. உங்களுக்கு இன்று இதற்கான அறிகுறி எதுவும் இல்லை. பிளேக் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இது வருவதும் இல்லை.

வருடா வருடம் ஸ்கேன் எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். புகைத்த வரலாறும் கல்நார் வரலாறும் சேர்ந்து இருக்கும் உங்களைப் போன்றவருக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. மூலம் நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டிப் பிடிப்பதில் பலன் உண்டு. அதிகம் புகைத்தவர்களிடம் செய்த அமெரிக்காவின் பெரிய ஆய்வு 2011-ல் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைவதைக் காட்டியது. இடைவெளியை உங்கள் நுரையீரல் மருத்துவர் முடிவு செய்யட்டும். மீசோதீலியோமாவைத் தேடி வருடா வருடம் ஸ்கேன் எடுப்பதோ, ரத்தத்தில் புற்றுநோய்க் குறியீடு பார்ப்பதோ வேண்டாம். முன்கூட்டித் தெரிந்தால் ஆயுள் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை, தூக்கம்தான் போகும்.

தொழிலை விட வேண்டுமா? என் கருத்து: தச்சு வேலையை விட வேண்டாம், தூசியை விடுங்கள். உடைக்காத, அறுக்காத பலகை நாரை விடாது. பழைய கட்டடத்தில் கை வைக்கும் முன் அங்கே என்ன இருக்கிறது என்று மாதிரி எடுத்துச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் ஆளை நம்ப வேண்டாம். எனக்குத் தெரிந்து யாருக்கும் அப்படிப்பட்ட கண் இல்லை. ஐஸ்லாந்து 1983-லேயே தடை செய்தது, பிரிட்டன் 1999-ல் முழுதாக நிறுத்தியது, ஆஸ்திரேலியா 2003 முடிவில், ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல், கனடா 2018-ல். தடை புதிதாகப் போடுவதை நிறுத்தும், ஏற்கெனவே சுவரில் இருப்பதை எடுத்துவிடாது. ஆகவே தடை வந்த நாட்டிலும் பழையதைப் பிரிக்கிற வேலையில் இருப்பவர்தான் அதை இழுக்கிறார். உறை, தெளிப்புப் பூச்சு, காப்புப் பலகை என்றால் பயிற்சியும் உரிமமும் உள்ள குழுவிடம் விட்டுவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள்.

சின்ன வேலை, தவிர்க்க முடியாது என்றால் முதலில் நன்றாக நனைக்க வேண்டும். கிரைண்டரும் மின்வாளும் அருகில் வரக்கூடாது. உடைக்காமல் முழுத் தகடாகக் கழற்ற வேண்டும். துடைப்பமும் காற்றடிக்கும் குழாயும் கூடாது. இதற்கென்று, நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த தூசி உறிஞ்சி வேண்டும், வீட்டு வேக்யூம் கிளீனர் நாரைப் பின்பக்கம் ஊதித் தள்ளும். துணியும் மருத்துவமனை முகமூடியும் இதற்குப் பயன்படாது. பி-100 அல்லது பி-3 தர வடிகட்டி பொருத்திய ரப்பர் அரைமுக முகமூடி, அதுவும் முகத்தில் பொருந்துகிறதா என்று சோதித்தது வேண்டும். தாடி இருந்தால் அந்த முகமூடி இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒரு வார முள்தாடியே போதும், காற்று ஓரமாக நுழைந்துவிடும்.

மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். கேட்டது சரிதான். லண்டனில் 1965-ல் வெளியான ஓர் ஆய்விலேயே, கல்நாரைத் தொட்டே பார்க்காமல், வீட்டில் இருந்த தொழிலாளியின் உடுப்பைத் துவைத்ததைத் தவிர வேறு தொடர்பு இல்லாதவர்களுக்கும் மீசோதீலியோமா வந்தது பதிவாகியிருக்கிறது. துவைக்கும் முன் உடுப்பை உதறுவதுதான் அதில் மோசமான நேரம். உங்கள் மனைவிக்கு வாய்ப்பு உங்களைவிட மிகக் குறைவு. அறிகுறி இல்லாத அவருக்கு ஸ்கேன் தேவையில்லை. ஆனால் அவர் எப்போதாவது மூச்சுக்காகவோ நெஞ்சுவலிக்காகவோ மருத்துவரிடம் போனால் ‘என் கணவர் கல்நார் பலகை அறுத்தார், உடுப்பை நான்தான் துவைத்தேன்’ என்று சொல்லட்டும். யாரும் அவரிடம் அதைக் கேட்கப் போவதில்லை.

நீங்களும் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாள் எடுத்து, 19 வயதிலிருந்து வருடம் வருடமாக எழுதுங்கள். எந்தக் கட்டடம், எவ்வளவு காலம், என்ன பலகை, எதனால் அறுத்தீர்கள், உள்ளேயா வெளியேயா, பக்கத்தில் வேறு யார் என்ன செய்தார்கள், முகத்தில் என்ன கட்டியிருந்தீர்கள், யாரிடம் சம்பளம் வாங்கினீர்கள். பெயர் தெரியாத பலகை என்றால் பார்க்க எப்படி இருந்தது, எப்படி உடைந்தது என்று எழுதினால் போதும். இப்போது நினைவுக்கு வருவது பத்து வருடம் கழித்து வராது. கூட வேலை செய்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் இழப்பீடு கேட்கும் நிலை வந்தால், மூடிப்போன நிறுவனத்துக்குச் சாட்சி அவர்கள்தான். பழைய எக்ஸ்ரே படங்கள் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். பத்து வருடத்துக்கு முந்தைய படமும் இன்றைய படமும் ஒன்றாக இருந்தால் அதைவிட நிம்மதியான சோதனை முடிவு வேறு இல்லை. இந்தத் தாளோடு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்பைரோமெட்ரி, டி.எல்.சி.ஓ. எண்கள் கைக்கு வந்ததும் எழுதுங்கள். மூச்சிரைப்பைப் பற்றி நான் மேலே சந்தேகமாகச் சொன்னதை அப்போது திட்டமாகச் சொல்ல முடியும்.